ஆளுக்கு அரை டம்ளர்

எங்கள் வார்டில் ஒரு நோயாளிக்கு ஒரு துணைதான் என்று கதவிலேயே கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறோம். அச்சகம் வைத்திருந்த பிரஸ்காரர் குடும்பத்துக்கு மட்டும் அந்தத் தாள் கண்ணில் பட்டதே இல்லை. அவர் சக்கர நாற்காலியில் முன்னால் வருவார், பின்னால் ஓர் ஊர்வலமே வரும். ஒருத்தர் தலையணை, ஒருத்தர் போர்வை, ஒருத்தர் ஃபைல், ஒன்றும் தூக்க வாய்ப்புக் கிடைக்காத ஒருத்தர் அவருடைய செருப்பு. "ஒருத்தர் மட்டும் உள்ளே வாங்க" என்று நான் கத்தினால் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டிவிட்டு, எல்லோரும் உள்ளே வருவார்கள்.

நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் எங்களிடம் வருவார்கள். கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் ஓடவிட்டுச் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே அனுப்புவோம். உடம்பில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரையும் அந்த மெஷின்தான் இழுத்தெடுக்கும். அரை நாள் வேலை. அவ்வளவு நேரமும் நோயாளி அசையாமல் படுத்திருப்பார். சொந்தக்காரர்கள்தான் அசைந்துகொண்டே இருப்பார்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு நோயாளிகளால் தலைவலி வந்ததில்லை. வந்ததெல்லாம் அவர்கள் கூட்டி வந்த கூட்டத்தால்தான்.

எனக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. எல்லோரும் போனுக்குள் இருக்கிறார்கள். காலையில் பூப்படம் அனுப்புவார்கள், நான் பதிலுக்குக் கட்டைவிரல் அனுப்புவேன். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது, வாடகை அறையில் நானும் என் மின்விசிறியும் நிம்மதியாக இருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, அந்தக் குடும்பத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்கள் ஒரு தெருவையே வளைத்துப் போட்டிருந்தார்கள். கீழே அச்சகம், கல்யாணப் பத்திரிகையிலிருந்து பில் புத்தகம் வரை அடிப்பது. அதற்கு மேல் மாடியில் பிரஸ்காரரும் அவர் மனைவியும் மகனும் மருமகளும். அதற்கும் மேலே அவருடைய தம்பி குடும்பம். எதிர் வீட்டில் மனைவியின் அண்ணன், அதாவது மச்சான். இரண்டு வீடு தள்ளி மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி. எந்த வீட்டில் யார் சாப்பிட்டார்கள், எந்தப் பிள்ளை எங்கே தூங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு வீட்டில் சர்க்கரை தீர்ந்தால் கடைக்குப் போக மாட்டார்கள், அடுத்த வீட்டு டப்பாவைத் திறப்பார்கள். பிரஸ்காரரின் மனைவியை வயசு வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் பெரியக்கா என்றார்கள். கொஞ்ச நாளில் நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். வேறு என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

முறை வைத்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தர் துணைக்கு வருவார்கள். அதனால் ஒரே பாடத்தை ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து நடத்த வேண்டும். "உப்பு குறைக்கணும். பழம் கூடாது. முக்கியமா தண்ணி. அவருக்கு யூரின் போறதில்ல. உள்ள போற தண்ணி உள்ளயேதான் நிக்கும். ஒரு நாளைக்கு இந்தச் சின்ன பாட்டில் அளவுதான். டீ, சூப், மாத்திரை முழுங்கற தண்ணி எல்லாம் இதுக்குள்ளதான்." கேட்டவர் பயபக்தியோடு தலையாட்டுவார். அடுத்த முறை இன்னொருத்தர் வந்து, "சிஸ்டர், அவருக்கு இளநி குடுக்கலாமா?" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

பெரியக்கா மட்டும் கெட்டி. தினமும் காலையில் அந்த பாட்டிலை நிரப்பி, அவர் பக்கத்தில் வைத்து, ராத்திரி எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பாள். வார்டுக்கு வரும்போது அந்த பாட்டிலை என் முன்னால் ஆட்டிக் காட்டுவாள். "பாத்தியாம்மா, இன்னும் பாதி அப்படியே இருக்கு. மனுஷன் எவ்வளவு கட்டுப்பாடு!" ஆனால் எடை மெஷினில் ஏற்றினால் முள் வேறு கதை சொன்னது. போன தடவை வீட்டுக்கு அனுப்பிய எடைக்கு மேல் நாலு கிலோ, ஐந்து கிலோ. அதெல்லாம் சதை இல்லை, தண்ணீர். கால் வீங்கி, கண்ணுக்குக் கீழே பை தொங்கும். "பாட்டில்ல இருக்கற தண்ணி உடம்புக்குள்ள எப்படிப் போச்சு?" என்று கேட்டால் பிரஸ்காரர் கூரையைப் பார்ப்பார். "உங்க எடை மெஷின் ரிப்பேர் சிஸ்டர். எங்க சொந்தத்துல ஒரு பையன் இருக்கான், வரச் சொல்லட்டுமா?"

ஒரு நாள் குட்டு உடைந்தது. அன்றைக்கு அவரால் படுக்கவே முடியவில்லை. உட்கார்ந்தபடியே மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது. ஆக்சிஜன் வைத்து, டாக்டர் ஓடி வந்து, மெஷினைப் போட்டு இழுத்து, அவர் மூச்சு ஒரு நிலைக்கு வருவதற்குள் எங்களுக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இதயம் ஏற்கெனவே களைத்துப் போயிருக்கிறது, இன்னொரு தடவை இப்படி வந்தால் காப்பாற்ற முடியும் என்று நம்பாதீர்கள் என்றார்.

நான் வெளியே வந்தேன். காத்திருக்கும் கூடத்தில் எள் போட இடமில்லாமல் மொத்தத் தெருவும் உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"யாரு குடுத்தது?"

மருமகள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே எழுந்தாள். "காலைல மாமா சமையல்கட்டுக்கு வந்தாங்க சிஸ்டர். நாக்கு மேல் அண்ணத்துல ஒட்டிக்கிச்சுன்னாங்க. அரை டம்ளர்தான் குடுத்தேன். சத்தியமா அரை டம்ளர்தான்."

"அடிப்பாவி" என்று பெரியக்கா நெஞ்சில் கை வைத்தாள்.

தம்பி தொண்டையைக் கனைத்தார். "மாடிக்கு வந்து உக்காந்தாரு அண்ணன். வீட்டுல அப்பத்தான் டீ போட்டாங்க. வாசனை பாத்துட்டுப் போறேன்னாரு. அரை டம்ளர் ஊத்தினேன்."

"தெருவுல நடக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல" என்றார் மச்சான். "நடந்து எங்க வீட்டுக்கு வந்தாரு. ரெண்டு ஐஸ் கட்டி. ஐஸ் தண்ணியில சேருமா என்ன?"

"வீட்டுப் படியேறி வந்த சம்பந்திகிட்ட தண்ணி இல்லன்னு எப்படிங்க சொல்றது?" என்று சம்பந்தி என்னையே திருப்பிக் கேட்டார்.

கணக்கு நீண்டுகொண்டே போனது. யாருமே நிறையக் கொடுக்கவில்லை. ஆளுக்கு அரை டம்ளர். அதை ஒருத்தரும் இன்னொருத்தரிடம் சொல்லவுமில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோதுதான் மருமகள் அழ ஆரம்பித்தாள். "'யாருகிட்டயும் சொல்லாதம்மா, உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா'ன்னாங்க."

"எங்கிட்டயும் அதத்தான் சொன்னாரு" என்றார் தம்பி, மெதுவாக.

"அப்ப எங்கிட்ட மட்டும் சொல்லலையா?" என்று மச்சான் தன்னையே கேட்டுக்கொண்டார்.

அத்தனை பேர் முகத்திலும் அசடு வழிந்தது. தண்ணீர் கொடுத்ததைவிட, தன்னிடம் மட்டும் சொன்னதாக நினைத்த வார்த்தையை ஊருக்கே சொல்லியிருக்கிறார் என்பதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. பெரியக்கா மட்டும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சமாதானப்படுத்தப் போன என் காதில் சொன்னாள்: "நானும் குடுத்தேன்மா. பாட்டில் தண்ணிய மிச்சம் வெச்சுட்டு, என் டம்ளர்லேருந்து ரெண்டு வாய் கேப்பாரு. எம்புருஷன் எங்கிட்ட வேற என்ன கேட்டாரு இந்த வயசுல?"

எனக்குத் திட்ட வரவில்லை. திட்டுவதற்கு ஒரு குற்றவாளி வேண்டும். இங்கே எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பாசம் வைத்திருந்தார்கள், அதைக் கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

எல்லோரும் என் தலையிலடித்துச் சத்தியம் செய்தார்கள், நான் வேண்டாம் என்று ஒதுங்கியும் விடவில்லை. ஒரு வாரம் தாக்குப்பிடித்தார்கள். அடுத்த வாரமே முகம் மறுபடி உப்ப ஆரம்பித்தது. பிரஸ்காரரைத் தனியாகப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சிஸ்டர், உங்களுக்குத் தாகம்னா என்னன்னு தெரியாது. நீங்க குடிச்சிட்டுப் பேசறீங்க. எனக்குத் தூங்கினா கனவுல குழாய் வருது. எழுந்தா வாய்க்குள்ள காகிதத்தூள் மாதிரி இருக்கு. சாகறதப் பத்தி நினைக்கவே நேரமில்ல, தண்ணியப் பத்தியே நினைச்சிட்டிருக்கேன்." அன்றைக்கு முழுக்க அவர் கண்ணில் படாமல் போய்த்தான் நான் தண்ணீர் குடித்தேன்.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒருத்தர் மட்டும் தள்ளி உட்கார்ந்திருப்பார். பெரியக்காவின் தங்கை புருஷன், பிரஸ்காரருக்குச் சகலை. அடுத்த தெருவில் வீடு. லிஃப்ட் மெக்கானிக். நகத்தடியில் எப்போதும் கிரீஸ் கறுத்திருக்கும். வேறு ஆள் கிடைக்காத நாட்களில் அவருடைய வேனில்தான் பிரஸ்காரர் வருவார். ஆனால் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அது எப்படி நடக்கிறது என்று நான் நேரில் பார்த்தேன். பிரஸ்காரர் கட்டிலில் படுத்திருக்க, லிஃப்ட்காரர் பக்கத்து நாற்காலியில் கால் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர்" என்றார் பிரஸ்காரர், "கூட வந்திருக்கறவர்கிட்ட சொல்லுங்க, ஃபேனுக்கு நேரா உக்காந்து காத்த மறைக்க வேண்டாம்னு."

நான் திரும்புவதற்குள் லிஃப்ட்காரர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். "சிஸ்டர், போர்வை வேணுமான்னு கேளுங்க."

"வேணாம்னு சொல்லுங்க."

"நான் என்ன தபால்காரியா?" என்றேன். இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

காரணத்தைப் பெரியக்காதான் சொன்னாள். பல வருஷத்துக்கு முன்னால் அச்சகத்துக்குப் புது மெஷின் வந்த நாளில் குடும்பமே வரிசையாக நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிரஸ்காரர் கேமராவை லிஃப்ட்காரர் கையில் கொடுத்து, "சகலை, நீங்க எடுங்க" என்றார். அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. குடும்பம் முழுக்க ஃபிரேமுக்குள், நான் மட்டும் வெளியேவா? "நான் என்ன கூலிக்கு வந்த போட்டோகிராஃபரா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். "போறவன் போகட்டும்" என்று இவர் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். அதற்கப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத கல்யாணம் இல்லை, காரியம் இல்லை. எல்லாவற்றிலும் நடுவில் ஒரு ஆளை நிறுத்தி அவர் மூலமாகவே பேசி வந்திருக்கிறார்கள். வேலைக்கு ஒத்தாசை மட்டும் நின்றதே இல்லை. "இவங்க ரெண்டு பேரும் பேசிக்கிற நாள பாத்துட்டு நான் கண்ண மூடணும்" என்பாள் பெரியக்கா.

அந்தச் சமயத்தில் சம்பந்தி வீட்டில் ஒரு கல்யாணம், வெளியூரில். மொத்தத் தெருவும் கிளம்பியாக வேண்டும். பெரியக்கா போக மாட்டேன் என்றாள், மகள் அழுதாள், கடைசியில் பிரஸ்காரரே அதட்டி அனுப்பினார். லிஃப்ட்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது அவர் மட்டும்தான். "வேற வழியில்லம்மா" என்று பெரியக்கா என்னிடம் கையைப் பிசைந்தாள். "பேசாத மனுஷன்கிட்ட விட்டுட்டுப் போறேன். பசிச்சாக்கூடக் கேக்க மாட்டாரே."

அடுத்த தடவை அவர் என்ன கோலத்தில் வரப்போகிறாரோ என்று ஆக்சிஜனை முன்கூட்டியே பக்கத்தில் இழுத்து வைத்திருந்தேன்.

வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். ஆனால் வீக்கம் இல்லை. எடை மெஷினில் ஏற்றினேன். இறக்கினேன். மறுபடி ஏற்றினேன். எங்களிடம் வர ஆரம்பித்ததிலிருந்து முதல் தடவையாக முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

லிஃப்ட்காரரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்களே."

"அவரு தண்ணி கேக்கலையா?"

"எப்படிக் கேப்பாரு?" என்றார் அவர், நான் ஏதோ விவரம் கெட்டவள் மாதிரி. "எங்கூடதான் பேச மாட்டாரே."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அந்தப் பெரிய குடும்பத்தில் பிரஸ்காரரால் கெஞ்ச முடியாத ஒரே வீடு அது. தாகத்தைவிட வீம்பு பெரிதாக இருந்த ஒரே இடம்.

கல்யாணம் முடிந்து திரும்பியதும் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். இனி அவர் லிஃப்ட்காரர் வீட்டில்தான் இருக்க வேண்டும். யாரும் போய்ப் பார்க்கலாம், ஆனால் லிஃப்ட்காரர் இல்லாமல் தனியாகப் பார்க்கக் கூடாது. பெரிய ரகளை ஆனது. "அப்ப நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்றார் தம்பி. "கூடப் பிறந்தவன் வீடு இருக்கும்போது சகலை வீட்டுல போய்க் கிடக்கறதா?" மச்சானுக்குத் தெரு என்ன சொல்லும் என்ற கவலை. மருமகள் மட்டும் தெளிவாக இருந்தாள். "மாமா கேட்டா நான் மறுபடியும் குடுத்துருவேன். அவங்க அங்கேயே இருக்கட்டும்" என்றாள். பெரியக்கா எழுந்து அந்தச் சின்ன பாட்டிலை லிஃப்ட்காரர் கையில் கொடுத்தாள். கணவனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, அதை அன்றைக்கு அவள் விட்டுக்கொடுத்தாள்.

லிஃப்ட்காரரின் மனைவி இளகிய மனசுக்காரி. அத்தான் கண்ணைக் கசக்கினால் குடத்தையே சாய்த்துவிடுவாள். அதனால் அவளை மூட்டை கட்டி அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரண்டு ஆண்கள், ஒரு வீடு, நடுவில் நிற்க ஆள் கிடையாது.

"எப்படிப் பேசிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"டிவி இருக்குல்ல" என்றார். "அவரு டிவியப் பாத்து, 'இந்த வீட்டுல உப்புன்னு ஒண்ணு வாங்கறதே இல்லையா'ம்பாரு. நானும் டிவியப் பாத்து, 'டாக்டர் வேணாம்னாரு'ம்பேன். பாவம், செய்தி வாசிக்கற பொண்ணு ரெண்டு பேருகிட்டயும் மாட்டிக்கிச்சு."

வேலைக்குக் கூப்பிட்டால் பிரஸ்காரரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவார். உயரமான கட்டடங்களின் கீழ்த்தளத்தில், காவலாளியின் நாற்காலியில், பிரஸ்காரர் முறைத்தபடி உட்கார்ந்திருப்பார். சகலை லிஃப்ட் குழிக்குள் இறங்கி எண்ணெய் போடுவார். இறங்குவதற்கு முன்னால் மறக்காமல் காவலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்: "ஐயாவுக்குத் தண்ணி குடுத்துடாதீங்க." இதைப் பிரஸ்காரர் என்னிடம் மூக்கால் அழுதார். "ஊர் பூரா என்னத் தண்ணி குடுக்கக்கூடாத ஆளாக்கிட்டான் சிஸ்டர்." ஆனால் அவர் மூச்சு வாங்காமல் இவ்வளவு நீளமாக அழுததே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு நாள் லிஃப்ட்காரரிடம் சொல்லி வைத்தேன். "ஒரு விஷயம் கேளுங்க. இப்போதைக்கு அவரோட ராசி ஆயிடாதீங்க. உங்க சண்டைலதான் அவர் உசிரு நிக்குது."

அவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார், அது போகாது என்று தெரிந்தும். "நான் எப்பவோ ராசி ஆயிட்டேன் சிஸ்டர். கோவமெல்லாம் அந்த வருஷமே போயிருச்சு. அவரு ஒரு வார்த்த கூப்பிடணும்னுதான் உக்காந்திருக்கேன். எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்ல. கல்யாணமாகி வந்த புதுசுல, 'சகலை சகலை'ன்னு தோள்ல கை போட்டு இந்தக் குடும்பத்துக்குள்ள கூட்டிட்டுப் போனவரு அவருதான். அப்படி இருந்தவரு கேமராவக் கையில குடுத்ததாலதான் எனக்கு அவ்வளவு வலிச்சுது. எனக்கு ஒரே ஒரு பயம். அவரு வாய் திறந்து கூப்பிட்டுக் கேட்டா, நானும் குடுத்துருவேன்."

"கேக்காம பாத்துக்கங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மனுஷனிடம் அப்படிச் சொல்ல எனக்கு எப்படி மனசு வந்தது என்று தெரியவில்லை.

வெயில் காலம் வந்தது. ஒரு நாள் வார்டில் ஏசி நின்றுவிட்டது. ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். மெஷின்கள் வேறு சூட்டைக் கக்கின. எல்லா நோயாளிகளும் துவண்டு கிடந்தார்கள். பிரஸ்காரரின் உதடு வெடித்திருந்தது. நான் பஞ்சை நனைத்துத் தடவினேன். அவர் அந்தப் பஞ்சை உதட்டால் கவ்விக்கொண்டு விட மறுத்தார். குழந்தையிடமிருந்து பிடுங்குவது போலத்தான் பிடுங்க வேண்டியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெரியக்காவும் தம்பியும் மச்சானும் நின்றார்கள். உள்ளே வந்தால் தாங்க மாட்டோம் என்று தெரிந்து அவர்களாகவே வெளியே நின்றார்கள்.

நான் நாலு கட்டில் தள்ளி இன்னொரு நோயாளிக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதி ஏறிய ஊசி, விட்டுவிட்டு நகர முடியாது. அப்போது கேட்டது.

"யோவ் சகலை."

திரும்பிப் பார்த்தேன். பிரஸ்காரர் கூரையைப் பார்க்கவில்லை, என்னைத் தேடவில்லை. நேராக லிஃப்ட்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார். யார் தன்னைக் கூப்பிட்டது என்று நம்ப முடியாதவர் மாதிரி நின்றார்.

"ஒரு வாய் தண்ணி குடுய்யா. ஒரே ஒரு வாய். முடியலய்யா சகலை."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். எத்தனையோ வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது, தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. என் மேஜை அவருக்குக் கை நீட்டும் தூரத்தில் இருந்தது, அதன் மேல் என் தண்ணீர் பாட்டில். முட்டாள்தனமாக அங்கே வைத்தது நான்தான். அவர் அதைப் பார்த்தார். எடுத்தார். மூடியில் விரல் வைத்தார். "வேண்டாங்க" என்று கத்த வாயைத் திறந்தேன்.

அவர் பாட்டிலோடு நடந்து கண்ணாடிக் கதவைத் திறந்தார். வெளியே நின்ற பெரியக்காவின் கையில் அதைத் திணித்தார். "இத எடுத்துட்டுத் தள்ளிப் போங்க பெரியக்கா, தயவுசெஞ்சு" என்றார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்காராமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஊசி குத்தாத கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தர மாட்டேன் சகலை" என்றார்.

பிரஸ்காரருக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு அவர் முகம் சிவந்தது. "நீயெல்லாம் ஒரு மனுஷனாடா?" என்று ஆரம்பித்தார். அந்த வறண்ட தொண்டையில் எங்கேயிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ. கல்நெஞ்சக்காரன் என்றார். உப்பில்லாமல் ஆக்கிப்போட்டு ஆளைக் கொல்கிறவன் என்றார். ஊர் ஊராகக் கூட்டிப் போய்க் காவல்காரன் நாற்காலியில் உட்காரவைத்து மானத்தை வாங்கியவன் என்றார். இத்தனை வருஷமும் ஒரு வார்த்தை பேசாமல் எப்படிடா இருந்தாய், ஒரு நாளாவது வீட்டுக்குள் வந்து என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா, நீ வருவாய் என்று நான் எத்தனை நாள் பார்த்திருப்பேன் என்று கேட்டார். கடைசியில் திட்டுகிறாரா அழுகிறாரா என்று பிரிக்க முடியவில்லை. அழுவதற்கும் அவர் உடம்பில் நாங்கள் தண்ணீர் விட்டுவைக்கவில்லை. கண் மட்டும் சிவந்து எரிந்தது.

லிஃப்ட்காரருக்குக் கண்ணீர் தாராளமாக வந்தது. துடைத்தால் பிடித்திருக்கும் கையை விட வேண்டும் என்பதால் அது பாட்டுக்கு ஓடி, தாடையில் சொட்டி, கட்டில் விரிப்பில் விழுந்தது. ஒவ்வொரு வசவுக்கும் தலையாட்டினார். வெளியே கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு குடும்பமே பார்த்தது. ஒருத்தரும் உள்ளே வரவில்லை.

நான் ஊசியை முடித்துவிட்டு ஓடி வந்து ரத்த அழுத்தம் பார்த்தேன். சரியாக இருந்தது. பிரஸ்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு, களைத்துப் போய் நிறுத்தினார்.

"இன்னும் திட்டுங்க சகலை" என்றார் லிஃப்ட்காரர். "தண்ணிதான் கிடையாது."